அப்பாவுக்குக் கல்லீரல் தந்த குடும்பத்துக்கும் உடன் நின்றவர்களுக்கும்

பெயர் தெரியாத அந்தக் குடும்பத்தாருக்கு வணக்கம்.

உறுப்பைக் கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று இரு தரப்புக்கும் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன். மூளை திரும்பாதபடி செயலிழந்துபோகும் மூளைச்சாவை நான்கு மருத்துவர்கள், குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து உறுதி செய்கிறார்கள். அப்போதும் இதயம் துடித்துக்கொண்டிருக்கும், உடம்பு சூடாக இருக்கும், வென்டிலேட்டரில் நெஞ்சு ஏறி இறங்கும். அதைப் பார்த்துக்கொண்டேதான் நீங்கள் சம்மதம் சொல்லியிருக்கிறீர்கள். உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது நியாயமான காரியம். ஆனால் நீங்கள் ஐசியூ வாசலில் நின்றபோது மனதில் மரியாதையா ஓடியிருக்கும்? அந்த இடத்தில் நாங்கள் இருந்திருந்தால் சம்மதித்திருப்போமா, தெரியாது. இனிமேல் சம்மதிப்போம்.

வார்டு சிஸ்டருக்கு. கல்லீரல் கெட்டால் ரத்தத்தில் அம்மோனியா ஏறி மூளை குழம்பும், அது கையெழுத்திலேயே தெரிய ஆரம்பிக்கும் என்பதெல்லாம் எங்களுக்கு எங்கே தெரியும்? தினமும் காலையில் ஒரு தாளை நீட்டி, "அப்பா, உங்க பேரையும் ஊரையும் எழுதுங்க" என்பீர்கள். பத்திரம் எழுதியே எங்களை வளர்த்த கை அது. ஒரு நாள் எழுத்து கோட்டை விட்டுச் சரிந்து இறங்கியிருந்தது. 'ண'வுக்கு ஒரு சுழி கூடிப்போயிருந்தது. அவர் வாயடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து நன்றாக இருக்கிறார் என்றே நாங்கள் நினைத்தோம். நீங்கள் உடனே டாக்டரைக் கூப்பிட்டீர்கள். அம்மோனியாவைக் குறைக்கும் லாக்டுலோஸ் மருந்தின் அளவைக் கூட்டினார்கள், தெளிந்தார்.

உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் அக்காவுக்கு. நானும் தம்பியும் ஆளுக்கு முந்தி எங்கள் கல்லீரலில் ஒரு பகுதியைத் தருகிறோம் என்று நின்றோம். ஸ்கேனில் இரண்டு பேருக்குமே கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது, தர முடியாமல் போனது. ஒரே சமையல்தானே! நாங்கள் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தபோது, தமிழ்நாடு அரசின் உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டானின் பட்டியலில் பதிவு செய்யும் வேலை முழுவதையும் நீங்களே இழுத்துப்போட்டுச் செய்தீர்கள்.

நடு ராத்திரியில் ரத்தமும் பிளேட்லெட்டும் கொடுக்க வந்த கல்லூரிப் பிள்ளைகளே, அன்றைக்கு ஒரு டீ கூட வாங்கித் தரவில்லை, கடன் இருக்கிறது. "குடிப்பாரோ?" என்று விசாரித்த சொந்தக்காரர்களுக்கு மட்டும் நன்றி கிடையாது. சர்க்கரையும் தொப்பையுமே போதும், கல்லீரல் சுருங்கிப்போக.

நேரில் பார்க்கவே முடியாத சிலரும் உண்டு. 1963-ல் அமெரிக்காவின் டென்வரில் டாக்டர் தாமஸ் ஸ்டார்சல் உலகில் முதன்முதலாகக் கல்லீரல் மாற்றிப் பார்த்தது ஒரு 3 வயதுக் குழந்தைக்கு. அந்தக் குழந்தை ஆபரேஷன் மேசையிலேயே இறந்துபோனது. 1967-ல்தான் பிழைத்து நீடித்தவர்கள் வந்தார்கள். நடுவில் தங்கள் பிள்ளைகளை நம்பி ஒப்படைத்த பெற்றோர் இல்லாமல் எங்கள் அப்பாவும் இல்லை. அப்புறம், புது உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க அவர் காலையும் இரவும் போடும் டாக்ரோலிமஸ், 1984-ல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் கிடைத்த நுண்ணுயிரியில் இருந்து பிரித்தெடுத்தது. அந்த ஆராய்ச்சியாளர்களுக்கும் ஒரு கும்பிடு.

அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்கள் யாருக்காவது பயமாக இருந்தால், அப்பாவின் எண் ஒருங்கிணைப்பாளர் அக்காவிடம் இருக்கிறது. சாயங்காலம் கூப்பிடுங்கள். கொஞ்சம் நீளமாகத்தான் பேசுவார், பொறுத்துக்கொள்ளுங்கள்.