காஜா மட்டும்தான் பாக்கி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பள்ளிகளில் நீதிபோதனை வகுப்பைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் எழுதிய கடிதத்தைச் சென்ற இதழில் படித்தேன். வகுப்பு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வாயால் சொன்னால் பிள்ளைகள் திருந்திவிடுவார்கள் என்று ஐயா நம்புகிறார். அங்கேதான் இடிக்கிறது. நான் தையற்காரன். கும்பகோணத்தில் 38 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். எனக்கு இந்தத் தொழிலை யாரும் வாயால் சொல்லிக் கொடுத்ததில்லை.

பதின்மூன்று வயதில் காஜா, அதாவது பட்டன் துளை, எடுக்கும் பையனாகச் சேர்ந்தேன். மாஸ்டர் அதிகம் பேச மாட்டார். பட்டன் கட்டிக்கொண்டே அவர் கையை ஓரக்கண்ணால் பார்ப்பதுதான் படிப்பு. சட்டைக் கைக்குழியைச் சாக்பீஸால் வளைக்கும்போது அவருக்கு மணிக்கட்டு அசையாது, முழங்கையிலிருந்து கை மொத்தமும் திரும்பும். துணியில் கத்தரி வைக்கும் முன் வெறும் காற்றில் இரண்டு தரம் வெட்டுவார். எதற்கு என்று கேட்கத் தைரியம் இல்லை. இன்றைக்கும் நான் அப்படி இரண்டு தரம் வெட்டாமல் துணியைத் தொட்டால் கை ஓடாது.

அதே மாஸ்டரிடம் இன்னொன்றும் இருந்தது. வெட்டாத துணி பையோடு அலமாரியில் கிடக்கும். ஆள் வந்து கேட்டால், காதுக்குப் பின்னால் சொறிந்தபடி, "காஜா மட்டும்தான் பாக்கி, நாளைக்கு வாங்க" என்பார். ஒரு தீபாவளிக்கு முதல் நாள், மகளின் பாவாடைக்காக நாலாவது முறை அலைந்த ஒருவர், கடைக்குள் ஏறி அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். தெருவே பார்த்தது. செத்தாலும் இந்தப் பொய்யைச் சொல்லக் கூடாது என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

தனிக்கடை போட்ட இரண்டாவது தீபாவளி. கைநீட்டிப் பணம் வாங்கிய உருப்படிகள் குவிந்து கிடக்கின்றன. ஜாக்கெட் கேட்டு ஓர் அம்மா வந்தார். "காஜா மட்டும்தான் பாக்கி" என்றேன். ஜாக்கெட்டுக்கு ஏது காஜா? கொக்கிதானே! அந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் கவனித்தேன், என் விரல் காதுக்குப் பின்னால் இருந்தது.

இது ஏன் என்பது என் மகள் பி.எட். படித்தபோது அவள் நோட்டில் கிடைத்தது. கனடாவில் பிறந்து அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த ஆல்பர்ட் பண்டூரா என்பவர் 1961இல் மழலையர் பள்ளிக் குழந்தைகள் 72 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார். நம் தஞ்சாவூர்ப் பொம்மை போல அடித்தால் சாய்ந்து நிமிரும் காற்றடைத்த பெரிய பொம்மை. அதைப் பெரியவர் ஒருவர் சுத்தியலால் அடித்து, உதைத்து, திட்டுவதைச் சில குழந்தைகள் பார்த்தார்கள். பிறகு பொம்மையோடு விட்டபோது பலர் அதே அடியை, அதே வசவோடு அடித்தார்கள். இதற்கு ஓர் ஆராய்ச்சியா, எங்கள் தெருவுக்கு வந்தால் தெரியுமே என்று சிரித்தேன்.

1965இல் செய்ததுதான் என்னை உட்கார வைத்தது. இந்த முறை அடிப்பதைப் படமாகக் காட்டினார். முடிவு மட்டும் மூன்று விதம்: அடித்தவருக்குத் தின்பண்டமும் பாராட்டும், அல்லது திட்டும் அடியும், அல்லது ஒன்றுமே இல்லை. அடிவாங்கியதைப் பார்த்த குழந்தைகள் பொம்மையை அவ்வளவாகத் தொடவில்லை. சரி, திருந்திவிட்டார்கள் என்றுதானே நினைப்போம்? பிறகு, "படத்தில் பார்த்ததைச் செய்து காட்டு, பழச்சாறு தருகிறேன்" என்றதும், மூன்று கூட்டமும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் செய்து காட்டின. பார்த்தது எல்லோருக்குள்ளும் போயிருக்கிறது. பயத்தில் வெளியே வரவில்லை, அவ்வளவுதான். மாஸ்டரின் சட்டையை அந்த ஆள் பிடித்தபோது எனக்குள் அந்தப் பொய் அழியவில்லை ஐயா, தீபாவளி கூட்டத்துக்காகக் காத்திருந்திருக்கிறது.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. என்னிடம் இப்போது ஒரு பையன் தொழில் பழகுகிறான். போன வாரம் நான் உள்ளே மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்க, போனில் யாரிடமோ, "காஜா மட்டும்தான்க்கா பாக்கி" என்கிறான். எட்டிப் பார்த்தேன். சுடிதார் துணி பையைவிட்டே எடுக்கவில்லை. அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. போனை வாங்கி, "அம்மா, இன்னும் வெட்டவே இல்லை, வியாழக்கிழமைதான் ஆகும், மன்னிச்சுக்குங்க" என்றேன். அந்த அம்மா ஐந்து நிமிடம் விடாமல் திட்டினார். ஸ்பீக்கரில் இருந்தது. பாபின் சுற்றுவதை நிறுத்திவிட்டு, பையன் அதையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

இப்படிக்கு,
தையற்கடை வாசகன்,
கும்பகோணம்.