மதுரை நரம்பியல் டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். நான் இங்கே இ.இ.ஜி., அதாவது தலையில் கம்பிகளை ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனை, எடுக்கும் டெக்னீசியன். நோயைச் சொல்வது உங்கள் வேலை, என் வேலை இல்லை. ஆனால் அலைகள் பதிவாகும்போது நோயாளியின் பக்கத்தில் நிற்பது நான்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

'மறதி நோயா என்று பார்க்க' என்ற சீட்டோடு பெரியவர்கள் வருகிறார்கள். அந்த அலைகளை வைத்து, மூளையின் பகுதிகளுக்கு இடையே உள்ள தொடர்பைக் கலர் கோடுகளாகக் கம்பியூட்டர் காட்டும் படத்தையும் சிலர் கையில் வைத்திருக்கிறார்கள். "ஏம்மா, கோடு கம்மியா இருக்கே, அப்பாவுக்கு மூளையில கனெக்சன் அத்துப்போச்சா?" என்று ஒரு மகன் கேட்டார். அந்தப் படத்தைக் கொடுத்தவர்கள் அவரிடம் ஒன்றும் விளக்கவில்லை.

படம் பொய் என்று நான் சொல்லவில்லை. அல்சைமர் என்ற மறதி நோய் உள்ளவர்களிடம் நொடிக்கு 8 முதல் 13 முறை அடிக்கும் ஆல்ஃபா அலை குறைந்து, மெதுவான தீட்டா, டெல்டா அலைகள் கூடுவதும், தூரத்துப் பகுதிகளின் ஆல்ஃபா அலைகள் ஒன்றோடொன்று இசைவது குறைவதும் பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம்தான். ஆனால் அதெல்லாம் பலரைச் சேர்த்துப் பார்த்த சராசரி. ஒரு தனி ஆளுக்கு அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. லூயி பாடி என்ற இன்னொரு வகை மறதி நோயில் பின்மண்டை அலை மெதுவாவதை, அந்த நோய்க்குச் சர்வதேச நிபுணர்கள் 2017-ல் வகுத்த வரையறை துணை அடையாளமாக ஏற்கிறது. அங்கேயும் துணைக்குத்தான்.

அப்புறம், என் பக்கத்துக் கதை. உசிலம்பட்டியிலிருந்து முதல் பஸ் பிடித்து ஆரப்பாளையத்தில் இறங்கி வருகிறவர், ராத்திரி சரியாகத் தூங்கியிருக்க மாட்டார். தலை நிறைய நல்லெண்ணெய் வேறு. துடைத்து, பேஸ்ட் தடவி, கம்பிகளை ஒட்டி முடிப்பதற்குள் கண் சொருகிவிடும். ஆல்ஃபா மறைந்து தீட்டா ஏறும். "ஐயா, கண்ணைத் திறங்க" என்று தட்டி எழுப்பினால் சிலருக்கு நல்ல ஆல்ஃபா திரும்பி வருகிறது. தூக்க மாத்திரையும் அலையை மாற்றும். கம்பியூட்டருக்கு இதெல்லாம் தெரியுமா? கிடைத்ததை வைத்துக் கலர் அடித்துவிடும்.

ஆகவே சீட்டில் அவர் சாப்பிடும் மாத்திரைகளை எழுதுங்கள். வலிப்பு சந்தேகமா, திடீர்க் குழப்பமா, எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். தைராய்டு, பி12 பார்க்காமலே கலர் படத்துக்கு அனுப்பாதீர்கள். அந்தக் குறைகளாலும் மறதி வரும், அதற்கு மருந்தும் இருக்கிறது. படத்தைக் காட்டினால் அது என்ன சொல்லவில்லை என்பதையும் வீட்டாரிடம் தமிழில் சொல்லுங்கள்.

பதிவின்போது அவர் எப்போது தூங்கினார், எப்போது விழித்தார் என்று நான் பேனாவால் குறித்திருப்பேன். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதையும் படித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் இ.இ.ஜி. டெக்னீசியன், மதுரை