மருமகள் கேட்ட வேலை

அன்பு மாப்ளே,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு மூட்டுவலி தேவலை என்றறிந்து நிம்மதி. மருமகள் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) கடைசி வருஷமா! "வரைகிற பிள்ளைக்குச் சோறு கிடைக்குமா" என்று கேட்டிருக்கிறாய். திருவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து ஃபிளெக்ஸ் என்று மதுரையில் வருஷம் முழுக்க வேலை ஓடுகிறது. பிள்ளைகள் தடுமாறுவது வரைவதில் இல்லை, அச்சிலும் காசிலும்தான்.

அவள் செய்த பத்திரிகை மாதிரியைப் பார்த்தேன். கோடு அருமை. ஆனால் அப்படியே சிவகாசிக்கு அனுப்பினால் கெட்டுவிடும். திரையில் பளிச்சிடும் அந்தக் கிளிப்பச்சை ஆஃப்செட் அச்சு மையில் வராது. முதலிலிருந்தே சிஎம்ஒய்கே-யில், அதாவது அச்சு மையின் நாலு நிறக் கணக்கில், வேலை செய்யச் சொல். பொடி எழுத்துகளை நாலு நிறம் கலந்த கறுப்பில் வைத்திருக்கிறாள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாகப் போடும் அச்சுத் தகடு (பிளேட்) இம்மி விலகினாலும் 'ணி', 'ஞ' எல்லாம் இரட்டையாகத் தெரியும், சுழி அடைத்துக்கொள்ளும். தனிக் கறுப்பே போதும். ஓரத்தில் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டும் கோட்டைத் தாண்டி நீட்டிவைக்கும் நிறம்) விடாவிட்டால் வெட்டும்போது வெள்ளைக் கோடு நிற்கும். எழுத்தைக் கர்வ் ஆக்காமல், அதாவது கோட்டு உருவமாக மாற்றாமல், அனுப்பினால், அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் மாப்பிள்ளை பேரே கட்டம் கட்டமாக வரும். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) பத்திரிகைக்குத்தான். பத்தடி ஃபிளெக்ஸுக்கு 72 போதும், தெருவில் நின்று பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது.

காசு விஷயத்தில் தெரிந்தவர்கள்தான் அதிகம் இழுத்தடிப்பார்கள், நம்மாட்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பாதி முன்பணம், இரண்டு திருத்தம் சும்மா, மூன்றாவதிலிருந்து தனிக் காசு. இதை வேலை தொடங்குமுன் வாட்ஸ்அப்பில் அனுப்பி 'சரி' வாங்கிவிட வேண்டும். லோகோ என்றால் இன்னும் கவனம். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை எழுத்தில்தான் மாற்றிக்கொடுக்க முடியும். காலம் குறிக்காவிட்டால் 5 வருஷம் என்று கணக்கு. சம்பளத்துக்கு இருக்கும்போது வேலையாக வரைந்தது, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், முதலாளிக்குச் சொந்தம்.

வேலை கேட்கும்போது காட்டும் போர்ட்ஃபோலியோ தொகுப்பில் நாற்பது படம் வைத்திருக்கிறாளாமே? பன்னிரண்டு போதும். ஒன்றிரண்டுக்காவது முதல் பென்சில் கிறுக்கலையும் கழித்துப்போட்டதையும் சேர்த்து வைக்கட்டும். வேலைக்கு எடுப்பவர்கள் அதைத்தான் நின்று பார்ப்பார்கள். எம்.டெஸ். (டிசைன் முதுகலைப் படிப்பு) ஆசை இருந்தால் ஐஐடி பம்பாய் நடத்தும் 'சீட்' (CEED) நுழைவுத்தேர்வு எழுதலாம். கை நன்றாக வருகிறதே என்று கம்ப்யூட்டரில் விடை தரும் பகுதி ஏ-யை விட்டுவிடக் கூடாது; அதில் தேறினால்தான் பகுதி பி-யில் வரைந்ததைத் திருத்தவே எடுப்பார்கள்.

சித்திரைத் திருவிழா முடிந்ததும் அவளை அனுப்பி வை. ஒரு வாரம் அச்சகத்தில் பிளேட் போடுகிற இடத்தில் நிற்கட்டும். பழைய சட்டையாகப் போட்டு வரச் சொல், மைக்கறை போகாது.

அன்புடன்,
செல்வம்