நிறம் மாறி வந்த கேன்வாஸ் படம்: பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர், சிவகாசி

பெறுநர்:
குறைதீர் அலுவலர்

பொருள்: மூன்று பேனல் அந்தி வானப் படம் விளம்பரத்தில் காட்டியபடி இல்லாதது குறித்து

ஐயா / அம்மா,

உங்கள் தளத்தில் அந்தி வானத்தை அரூப ஓவியமாகத் தீட்டிய கேன்வாஸ் செட்டை ரூ.4,299 கொடுத்து வாங்கினேன். ஹாலில் சோபாவுக்கு மேலே மாட்டுவதற்காக. இந்தப் படம் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்றே அந்தச் சுவருக்கு வெளிர் சந்தன நிறத்தில் பெயின்ட் அடித்து வைத்திருந்தோம். பில் நகலும் புகைப்படங்களும் இணைத்துள்ளேன்.

தளத்தில் காட்டிய படத்தில் மேலே கருநீலம். அது மெல்ல ஊதாவாகி, ரோஜாவாகி, அடிவானத்தை நெருங்கும்போது நல்ல ஆரஞ்சாகப் பழுத்திருந்தது. கைக்கு வந்ததில் ஆரஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் நிறம். ஊதாவும் ரோஜாவும் ஒன்றில் ஒன்று கரையாமல் பட்டை பட்டையாக நிற்கின்றன.

புகார் செய்ததற்கு, "திரையில் தெரியும் நிறம் சற்று மாறலாம், பேனல் உடையவில்லை, திரும்பப் பெற இயலாது" என்று பதில் அனுப்பினீர்கள். மரம், படகு, மனிதர் எதுவும் இல்லாத படம் இது. இதில் நிறம்தான் சரக்கு. பட்டுச் சேலையை வேறு நிறத்தில் கொடுத்துவிட்டு, நெசவு நன்றாகத்தானே இருக்கிறது என்று ஒரு கடைக்காரர் சொல்ல முடியுமா?

நான் இங்கே காலண்டர் அச்சகங்களில் பல வருடம் வேலை பார்த்தவன். திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகள். திரையில் ஜொலிக்கும் ஆரஞ்சு மையில் அப்படியே வராது என்பது எங்கள் ஊரில் தொழிலுக்குப் புதிதாக வந்த பையனுக்கும் தெரியும். அதனால்தான் ப்ரூஃப், அதாவது மாதிரி அச்சு, போட்டு, பார்ட்டியிடம் காட்டி, ஓகே வாங்கிய பிறகே மெஷினில் ஏற்றுவோம். நீங்களோ அச்சான படத்தைப் போட்டோ எடுத்துப் போடவே இல்லை. கம்ப்யூட்டர் ஃபைலை ஏதோ ஒரு சுவரின் போட்டோ மேல் ஒட்டிக் காட்டியிருக்கிறீர்கள். பேனலின் நிழல் சுவரில் விழாததிலேயே அது தெரிகிறது.

சரி, நிறத்தை விடுங்கள். மூன்றையும் வரிசையாக மாட்டினால் அடிவானக் கோடு சேரவில்லை. நடுப் பேனலில் ஒரு விரற்கடை இறங்கி நிற்கிறது. மடிப்பதற்குத் தனியாக ஓரம் விடாமல் படத்தையே மடித்துச் சட்டத்தில் ஸ்டேப்ளர் பின் அடித்திருப்பதால் சூரியனின் ஒரு பக்கம் சட்டத்துக்குப் பின்னால் போய்விட்டது. மடிப்பில் மை வெடித்து வெள்ளைக் கீறல் தெரிகிறது. வலது பேனலின் மரச் சட்டம் முறுக்கிக்கொண்டு, ஒரு மூலை சுவரில் படியவே மாட்டேன் என்கிறது.

விளம்பரத்தில் சொன்ன தன்மையில் இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகள் சொல்கின்றன. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைப்பது குறைதீர் அலுவலரின் கடமை.

மாற்றுப் படம் வேண்டாம். அதே ஃபைலை மறுபடி அடித்தால் அதே செங்கல் நிறம்தான் வரும். முழுப் பணத்தையும் திருப்பித் தந்து, கூரியர் செலவையும் நீங்களே ஏற்க வேண்டும். அப்புறம், தளத்தில் உண்மையாக அச்சான படத்தின் போட்டோவைப் போடுங்கள். அதைப் பார்த்திருந்தால் நான் இந்தப் படத்தை வாங்கியிருக்கவே மாட்டேன்.

படங்களை வந்த பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். ஒரு மாதத்துக்குள் தீர்வு வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் செய்வேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்