உறுப்பினர் இல்லாத ஊரில் வந்த கொரோனா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா இரண்டாம் அலையில் நெல்லை மருத்துவமனைகள் திணறியதையும், நிர்வாகம் அதைச் சமாளித்த விதத்தையும் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். படுக்கை, ஆக்சிஜன், மருந்து என எல்லாவற்றையும் விவரித்த அந்தக் கட்டுரையில் ஒரு செய்தி விடுபட்டுப்போயிருக்கிறது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் மக்கள் தேர்ந்தெடுத்த உள்ளாட்சி அமைப்பு ஒன்றுகூட இல்லை. கிராமத்தில் ஊராட்சித் தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை. மாநகராட்சியில் மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. அந்த மாதங்களைப் பற்றிப் பேசுகிற எவரும் இதைத் தாண்டிப் போகக்கூடாது என்பது என் எண்ணம்.

பலருக்கு இது மறந்துபோயிருக்கும். 2011-இல் தேர்வான உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அதே மாதம் நடக்கவிருந்த தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு வார்டு மறுவரையறை, வழக்கு, மேல்முறையீடு என்று மூன்று ஆண்டுகள் ஓடின. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தபோது நாங்கள் விடுபட்டோம். காரணம், அதற்கு முந்தைய மாதம்தான் நெல்லையிலிருந்து தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்திருந்தது. புதிதாகப் பிரிக்கப்பட்ட மாவட்டங்களும் அவற்றின் தாய் மாவட்டங்களுமாக ஒன்பது மாவட்டங்களுக்கு வார்டுகளை வரையறுத்த பிறகே தேர்தல் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்களுக்கு ஊரகத் தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். மாநகராட்சிக்கும் நகராட்சிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் 2022 பிப்ரவரி 19-இல். முதல் அலை, இரண்டாம் அலை இரண்டும் வந்து போனது, தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்களின் காலத்தில். இடையில் 2019-இல் மக்களவைத் தேர்தல் நடந்தது. 2021 ஏப்ரல் 6-இல், தொற்று ஏறிக்கொண்டிருந்தபோதே, சட்டமன்றத் தேர்தலும் நடந்தது. அவற்றுக்கெல்லாம் நேரம் இருந்தது.

நான் பாப்பாக்குடி ஒன்றியத்தில் ஒரு கிராமத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் வட்டாரத்தில் பெண்களில் பெரும்பாலோர் பீடி சுற்றுகிறவர்கள். ஒரு ஊரில் காய்ச்சல் பரவினால், அது சுகாதாரத் துறைக்குத் தெரிவதற்கு முன்னால் மருந்துக்கடைக்குத் தெரிந்துவிடும். 2021 ஏப்ரல் கடைசியில் ஒரே தெருவிலிருந்து அடுத்தடுத்து ஆள் வந்து பாராசிட்டமால் கேட்டார்கள். வீட்டுக்கு ஒரு அட்டை என்றிருந்தது, இரண்டு நாளில் மூன்று அட்டையாயிற்று. யாருக்கு என்று கேட்டால் முதலில் சொல்லமாட்டார்கள். ஒரு பெண் வாசலிலேயே நின்றுகொண்டு, "அண்ணாச்சி, எங்கள் வீட்டுக்குக் காய்ச்சல் மாத்திரை வாங்கினேன் என்று வெளியே சொல்லிவிடாதீர்கள். கடையில் இலை தரமாட்டார்கள்" என்றார். அவர் கடை என்றது, பீடி சுற்ற இலையும் புகையிலைத் தூளும் கொடுக்கிற பீடிக்கடையை. வீட்டில் நோய் என்று தெரிந்தால் இலையும் தூளும் நின்றுவிடும், சுற்றி வைத்த பீடியையும் வாங்கமாட்டார்கள் என்ற பயம். மடியில் சுளவை (முறத்தை) வைத்துக்கொண்டு நாள் முழுவதும் உட்கார்ந்து சுற்றினால்தான் அந்த வாரத்துச் சம்பளம். அந்த வீட்டில் நாலு பேருக்கும் காய்ச்சல். மாமனாருக்கு மூச்சு வாங்குகிறது என்பதை மூன்றாம் நாள்தான் சொன்னார். முந்தைய ஆண்டு நோய் வந்த வீட்டைத் தகரம் அடித்து மறைத்ததை ஊரே பார்த்திருந்தது. யார் வாய் திறப்பார்கள்?

காய்ச்சலுக்கு மாத்திரை போகிற தெருக்களை நான் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். பெயர் எழுதவில்லை. தெரு, எத்தனை வீடு, வயதானவர் உண்டா, சர்க்கரை நோயாளி உண்டா, இவ்வளவுதான். இதை யாரிடம் கொடுப்பது என்று தேடியபோதுதான் எங்கள் ஊரில் ஆள் இல்லை என்பது உறைத்தது. ஊராட்சிச் செயலர் நல்லவர், ஆனால் அவருக்கு உத்தரவிட வேண்டிய தனி அலுவலர் ஒன்றிய அலுவலகத்தில் இருந்தார். வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவரே ஒன்றியத்தின் எல்லா ஊராட்சிகளுக்கும் தனி அலுவலர். அவருக்கு அன்றாடம் மாவட்டத் தலைமையிடம் கேட்கிற கணக்குகளை அனுப்பவே பொழுது போதவில்லை. கிராம சுகாதாரச் செவிலியரிடம் நோட்டைக் காட்டினேன். அவர் கையில் ஏற்கெனவே தொற்று உறுதியானவர்களின் பட்டியல் இருந்தது, அந்த வீடுகளுக்கே போய்ச் சேர முடியவில்லை. ஒன்றிய அலுவலகத்துக்குப் போன் செய்தபோது மின்னஞ்சலில் அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினேன். பதில் வரவில்லை. காய்ச்சல் முகாம் எங்கள் ஊருக்கு வந்தது, ஆனால் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துப் பள்ளியில் நடத்தினார்கள். என் நோட்டில் இருந்த தெரு ஊரின் மறுகோடியில் இருக்கிறது. அங்கிருந்து யாரும் முகாமுக்குப் போகவில்லை.

இதற்கும் மருத்துவமனை திணறியதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். கொரோனாவில் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு இறங்குவது நோயாளிக்கே பல நேரம் தெரியாது. பேசிக்கொண்டிருப்பார், சாப்பிடுவார், விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டினால் 85 காட்டும். 94-க்குக் கீழே இறங்கும்போதே கண்டுபிடித்துவிட்டால் சாதாரண ஆக்சிஜன் படுக்கையில் வைத்துப் பலரைத் தேற்றிவிடலாம். வீட்டிலேயே மறைத்து வைத்து 75, 70 என்று ஆன பிறகு கொண்டுபோனால், அவருக்கு அதிவேக ஆக்சிஜன் வேண்டும், தீவிர சிகிச்சைப் படுக்கை வேண்டும், வாரக்கணக்கில் வேண்டும். தாமதமாக வருகிற ஒவ்வொரு நோயாளியும் முன்னதாக வந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய இன்னொருவரின் படுக்கையையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறார். மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ் நிற்பதை எல்லோரும் படம் எடுத்தோம். அது தெருவில் ஒரு வாரத்துக்கு முன்பே தொடங்கியது.

ஆக்சிஜன் வராமல் இல்லை. மகேந்திரகிரி இஸ்ரோ மையத்திலிருந்து ராக்கெட்டுக்குப் பயன்படுத்துகிற திரவ ஆக்சிஜனை மருத்துவமனைகளுக்கு அனுப்பினார்கள். தூத்துக்குடியில் 2018 முதல் மூடிக்கிடந்த ஸ்டெர்லைட் ஆலையின் ஆக்சிஜன் பிரிவை மட்டும் உச்ச நீதிமன்ற அனுமதியோடு இயக்கினார்கள். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி என்று நாம் சொல்கிற நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நம் மாவட்டத்துக்கு மட்டும் உரியதல்ல. தென்காசி மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி கிடையாது. செங்கோட்டையிலும் சங்கரன்கோவிலிலும் நிலைமை மோசமானவர்கள் பாளையங்கோட்டைக்குத்தான் வரவேண்டும். அங்கே முழுக் கவச உடைக்குள் வியர்த்து நின்ற டாக்டர்களையும் செவிலியர்களையும், உடலைச் சுமந்த பணியாளர்களையும் நான் குறை சொல்லவே மாட்டேன். அதிகாரிகளும் இரவு பகல் பாராமல் உழைத்தார்கள். ஒரு மாவட்டத்தை மேலிருந்து எவ்வளவு நன்றாக நடத்த முடியுமோ அவ்வளவு நடத்தினார்கள். மேலிருந்து பார்த்தால் என் கடைக்கு எதிரே உள்ள தெரு தெரியாது.

புளியரை சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளம். அங்கே 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்த உடனே ஊராட்சிகள் சமூகச் சமையலறைகளைத் தொடங்கின. முதல்நிலைச் சிகிச்சை மையங்களை உள்ளாட்சிகளே ஏற்று நடத்தின. வார்டு உறுப்பினரின் தலைமையில் குழு அமைத்து, தனிமையில் இருந்த வீடுகளுக்கு மருந்தும் சாப்பாடும் கொண்டுபோனார்கள். 2020 டிசம்பரில், நோய் இருக்கும்போதே, உள்ளாட்சித் தேர்தலையும் நடத்தி முடித்தார்கள். அங்கே தொற்று குறைவாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. எண்ணிக்கை நம்மைவிட நீண்ட காலம் உயர்ந்தே இருந்தது. ஆனால் ஒரு வீட்டில் கிழவர் மூச்சுத் திணறுகிறார் என்றால் அதைச் சொல்வதற்கு, அந்தத் தெருவிலேயே பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு ஆள் இருந்தார்.

உறுப்பினர் இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தன் சாதிக்காரருக்கு முதலில் படுக்கை கேட்டிருப்பார், நிவாரணத்தில் கை வைத்திருப்பார், பெண் தலைவர் என்றால் கணவர்தான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார் என்கிறார்கள். இவையெல்லாம் நடக்கும், நடந்தும் இருக்கிறது. ஆனால் அவரைச் சட்டையைப் பிடித்துக் கேட்க முடியும். அடுத்த தேர்தலில் தோற்கடிக்க முடியும். தனி அலுவலர் மாற்றலாகிப் போய்விடுவார். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று சட்டம் இருக்கிறது. பீடி சுற்றுகிற ஒரு பெண் எங்கள் வார்டு உறுப்பினராக இருந்திருந்தால், இலை நின்றுவிடும் என்ற பயத்தை அவருக்கு யாரும் விளக்கியிருக்க வேண்டாம். பீடிக்கடைக்காரரிடம் அவரே போய், இந்தத் தெருவுக்குக் கூலியை நிறுத்தாதீர்கள் என்று பேசியிருப்பார். அதன் பிறகு காய்ச்சலை மறைக்க வேண்டிய தேவை பாதியாகக் குறைந்திருக்கும்.

பழைய கதையை இப்போது ஏன் கிளறுகிறேன் என்றால், அது மீண்டும் நடந்துகொண்டிருக்கிறது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களின் ஊராட்சிகளுக்குப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அவை தனி அலுவலர்களிடம் போய்விட்டன. நெல்லை, தென்காசி ஊராட்சிகளின் ஐந்து ஆண்டுகள் 2026 அக்டோபரில் முடிகின்றன. பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243E பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஊராட்சிக்கு ஒப்படைக்கக்கூடிய பொறுப்புகளின் பட்டியலில் சுகாதாரமும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் இருக்கின்றன. 15-ஆவது நிதிக்குழு, 2021 முதல் 2026 வரையிலான ஐந்து ஆண்டுகளில் உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கு 70,051 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. பணத்துக்கும் சட்டத்துக்கும் இடம் இருக்கிறது, நாற்காலியை மட்டும் காலியாக வைக்கிறோம்.

ஆகவே அரசுக்கு மூன்று கோரிக்கைகளைத் தங்கள் வழியாக வைக்கிறேன். வார்டு வரையறையைக் காரணம் காட்டி எங்கள் மாவட்டங்களின் தேர்தலை இன்னொரு முறை தள்ளிப்போடாதீர்கள். ஒவ்வொரு ஊராட்சியிலும் வார்டு உறுப்பினர், கிராம சுகாதாரச் செவிலியர், மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து ஒருவர் ஆகியோர் கொண்ட நோய்த்தடுப்புக் குழுவை, நோய் வருவதற்கு முன்பே அமையுங்கள். அந்தக் குழுவின் கையில் சில பல்ஸ் ஆக்சிமீட்டர்களும், மருத்துவமனைக்கு நேரடியாகப் பேசுவதற்கு ஒரு தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். டெங்குக் காலத்திலும் இதே குழு பயன்படும், எங்கள் வட்டாரத்தில் மழைக்குப் பிறகு அது ஆண்டுதோறும் வருகிறது. கடைசியாக, தொற்றுநோய்க் காலத்தில் பீடித் தொழிலாளர்களுக்கு இலையும் தூளும் நிறுத்தப்படாது என்று தொழிலாளர் துறை எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். அது சின்ன விஷயமாகத் தோன்றலாம். எங்கள் தெருக்களில் ஆள் முன்னதாக ஆஸ்பத்திரிக்கு வருவாரா, மாட்டாரா என்பது பல வீடுகளில் அதைப் பொறுத்துத்தான் இருந்தது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர், மருந்துக்கடைக்காரர்,
பாப்பாக்குடி ஒன்றியம், திருநெல்வேலி மாவட்டம்.