சிறுமலைக்கு ஒரு ரிப்பீட்டர்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்தபோது நிம்மதியாக இருந்தது. பேத்திக்கு மோர்ஸ் சொல்லித்தருகிறாயாமே, விடாமல் செய்.

இங்கே என் பொழுதெல்லாம் ரிப்பீட்டரோடுதான் போகிறது. ஒரு அலைவரிசையில் வரும் பேச்சை வாங்கி, உயரத்திலிருந்து இன்னொன்றில் திருப்பி அனுப்பும் நிலையம்தானே அது. கால் டாக்ஸிக்காரர்கள் செல்போனுக்கு மாறியபோது கழித்துப்போட்ட மோட்டோரோலா ஜிஎம்300 வயர்லெஸ் செட்டுகள் இரண்டு, ஹேம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர் ஒருவர் மூலம் கிடைத்தன. இரண்டுமே 136–162 மெகாஹெர்ட்ஸ் வகை. 146-இல் தொடங்கும் வகையாக இருந்திருந்தால் நம் இரண்டு மீட்டர் பேண்டுக்கு (144 முதல் 146 வரை) இறக்குவதற்குள் போதும் போதுமென்று ஆகியிருக்கும். புரோகிராம் செய்யும் மென்பொருள் டாஸ் காலத்தது, வேகமான கம்ப்யூட்டரில் தகராறு செய்யும். அதற்காகவே ஒரு பழைய 486 கம்ப்யூட்டரைத் தூசி தட்டி எடுத்தேன்.

ஒரு செட் 145.000 மெகாஹெர்ட்ஸில் கேட்கும், இன்னொன்று அதையே 145.600-இல் திருப்பிப் பேசும். பின்பக்கத்து 16 பின் சாக்கெட்டிலேயே எல்லாம் இருக்கிறது: 11-ஆவது பின்னில் ஆடியோ, 8-இல் ஸ்கெல்ச் (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைக்கும் கதவு) திறந்த தகவல், 3-ஐத் தரையோடு சேர்த்தால் டிரான்ஸ்மிட். நடுவில் ஆர்டுயினோ என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு. நிலையத்தின் அடையாளமான கால்சைனைச் சொல்வதும், யாராவது மூன்று நிமிடத்துக்கு மேல் பேசினால் வெட்டிவிடுவதும் அதன் வேலை. காரில் இடைவெளி விட்டுப் பேசுவதற்கென்று செய்த செட் என்பதால் பவரை 10 வாட்டுக்குக் குறைத்து, ஹீட்சிங்க் மேல் ஒரு ஃபேனும் வைத்துவிட்டேன்.

இவ்வளவும் சுலபம். உண்மையான வேலை, அனுப்புவதையும் கேட்பதையும் பிரித்து வைக்கும் டூப்ளெக்ஸரில்தான். ஒரே ஆன்டெனாவில் 10 வாட் வெளியே போய்க்கொண்டிருக்கும்போதே, 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி 0.2 மைக்ரோவோல்ட் சிக்னலைக் கேட்க வேண்டும். காதோரம் நாதஸ்வரம் வாசிக்கும்போது அடுத்த தெருவில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்கிற மாதிரி. இரண்டுக்கும் நடுவே 80 டெசிபலுக்கு மேல் தடுப்பு வேண்டும். டாக்ஸிக் கம்பெனிகள் வைத்திருந்த சின்ன டூப்ளெக்ஸர் நான்கைந்து மெகாஹெர்ட்ஸ் இடைவெளிக்குச் செய்தது, நமக்கு உதவாது. அதனால் ஆறு இஞ்ச் அலுமினியக் குழாயில் டூப்ளெக்ஸருக்கான காவிட்டி வடிகட்டிகளை நானே செய்கிறேன். உள்ளே கால் அலைநீளத் தண்டு, அரை மீட்டர் சொச்சம்.

டியூன் செய்யும்போது நீ பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். நானோ வி.என்.ஏ. என்ற அளவுக்கருவியின் திரையில் கோடு சமமாகப் போய்க்கொண்டே இருக்கும். தண்டைக் கால் சுற்றுத் திருகினால் சட்டென்று ஒரு பள்ளம் விழும், அங்கேதான் சிக்னல் அடைபடுகிறது. இன்னும் ஒரு மயிரிழை திருகினால் பள்ளம் 145.000-ஐத் தாண்டி ஓடிவிடும். லாக்நட்டை இறுக்கும்போது மறுபடி நகரும். செட்டுகளுக்கு இடையே சாதாரண ஆர்ஜி-58 கேபிள் போட்டால் அதன் வலை வழியாகவே கசிந்துவிடும் என்பதால், இரட்டை வலை போட்ட ஆர்ஜி-400 மட்டும்தான் போடுகிறேன்.

செல்போன் காலத்தில் இது எதற்கு என்று தம்பி கேட்டான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டா ஊர்களில் செல்போன் டவர்கள் செயலிழந்து, கரண்ட் வரவே பல நாள் ஆனதை அவனுக்கு நினைவுபடுத்தினேன். 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் அம்மையார் அந்தமானிலிருந்து ஹேம் ரேடியோவில் செய்தி அனுப்பியதை நாம் மறக்க முடியுமா? அது எச்.எஃப். என்ற சிற்றலை, நெடுந்தூரத்துக்கு. ஊருக்குள் கையில் பிடிக்கும் செட்டுகள் ஒன்றையொன்று எட்ட வேண்டுமானால் உயரத்தில் ஒரு ரிப்பீட்டர் வேண்டும், அதுவும் பேட்டரியில் ஓட வேண்டும். சிறுமலையில் எஸ்டேட் வைத்திருக்கும் நண்பர் இடம் தருகிறேன் என்கிறார். அங்கிருந்து திண்டுக்கல்லும் மதுரையும் நன்றாகவே எட்டும் என்று நினைக்கிறேன். அனுமதிக்கான தாள்களும் தயாராகின்றன.

இப்போது உன்னிடம் ஒரு உதவி. அலுமினியம் சூட்டில் நீளும். டியூன் செய்த இடம் டிகிரிக்குச் சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் விலகும். சிறுமலையின் பகல் வெயிலுக்கும் ராக்குளிருக்கும் இது தாங்காது. டியூனிங் தண்டுக்கு இன்வார் வேண்டும், 36 சதவீதம் நிக்கல் கலந்த இரும்பு. கோயம்புத்தூரில் உனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்காரர்களிடம் 10 மில்லிமீட்டர் கம்பி கிடைக்குமா, மரை போட்டுத் தருவார்களா என்று விசாரித்துச் சொல். ஆறு துண்டு, ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர். பணம் உடனே அனுப்பிவிடுகிறேன்.

பொங்கல் கழிந்து கால் சரியாக இருந்தால் நீயே எடுத்துக்கொண்டு வா. மலை வரைக்கும் ஜீப் போகும்.

73 (ஹேம் வழக்கப்படி வாழ்த்துகள்),
உன் பழைய நண்பன்