உளி படும் ஆழம்

அன்புள்ள வாத்தியாருக்கு,

ஸ்தோத்திரம். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் மகள் போனில் சொன்னாள். நீ சிரமப்படாமல் படிக்கட்டும் என்றுதான் எழுத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன். இதைப் போனில் சொல்ல மனம் வரவில்லை. உட்கார்ந்து எழுத வேண்டிய விஷயம். உனக்கும் இதில் பங்கு இருக்கிறது.

இப்போது சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். மூன்று நாள் கூட்டம் நேற்று ஞாயிறு ஆராதனையோடு முடிந்தது. நாளை ஈப்போ, அங்கிருந்து தெலுக் இந்தான். போன வாரம் முழுக்கத் தைப்பிங். அந்த ஊர் மழையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூட்டம் தொடங்கும் நேரம் பார்த்துப் பிடித்துக்கொள்ளும். தகரக் கூரை, மைக் இருந்தும் ஒன்றும் கேட்கவில்லை. முதல் நாள் தொண்டை கிழியப் பேசினேன். இரண்டாம் நாள் செய்தியை நிறுத்திவிட்டு, மழை விடும்வரை பாடுவோம் என்று சொல்லிவிட்டேன். அது நல்ல கூட்டமாக இருந்தது.

ஊர் ஊராகப் போய் இத்தனை வருஷம் ஆகியும் அடுத்தவர் கட்டிலில் படுப்பது எனக்குப் பழகவில்லை. நம் ஜனங்கள் தங்கள் அறையைக் கொடுத்துவிட்டு ஹாலில் பாய் விரித்துக்கொள்கிறார்கள். வேண்டாம் என்றால் மனம் வருந்துகிறார்கள். தைப்பிங்கில் தங்கிய வீட்டுப் பையன் எஸ்.பி.எம். பரீட்சை எழுதப் போகிறான். அவன் மேசைமேல் என் பை. ராத்திரி பதினோரு மணிக்கு மெதுவாகக் கதவைத் தட்டி, "அங்கிள், கணக்குப் புத்தகம் மட்டும் எடுத்துக்கிறேன்" என்றான். மறுநாள் நான் ஹாலுக்கு மாறிவிட்டேன், யார் சொல்லியும் கேட்கவில்லை. அப்புறம் தண்ணி, அதுதான் தேத்தண்ணி. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் "தண்ணி கலக்கட்டுமா பாஸ்டர்" என்ற கேள்விதான் முதலில் வரும். எனக்குச் சீனி வியாதி என்று சொல்வதற்குள் பால் டின்னைத் திறந்துவிடுகிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தைப்பிங்கிலிருந்து சபைத் தம்பி ஒருவர் காரில் கொண்டுவந்து விட்டார். வழியில் கோலகங்சாரில் இறங்கி, மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிற்கும் அந்தப் பழைய ரப்பர் மரத்தைப் பார்த்தோம். 1877-இல் அங்கே நட்ட ஒன்பது கன்றுகளில் மிஞ்சி நிற்பது அது ஒன்றுதான். பிரேசிலில் 1876-இல் சேகரித்த விதைகள் லண்டனில் கியூ தோட்டத்தில் முளைத்து, கன்றுகளாக இந்தப் பக்கம் வந்தன. என் பாட்டனை மலாயாவுக்குக் கப்பலேற்றிய மரம் இதுதானே என்று கொஞ்ச நேரம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காரோட்டி வந்த தம்பி ரப்பர் ஆராய்ச்சியில் வேலை பார்த்தவர். பிரேசில் காட்டில் கோடரியால் கொத்திப் பால் எடுப்பார்களாம், மரம் அதைத் தாங்காதாம். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் இருந்த ரிட்லி என்பவர்தான், பட்டையை மெல்லிசாகச் சீவி அதே வெட்டைத் திரும்பத் திரும்பத் திறந்தால் மரம் சாகாமல் வருஷக்கணக்கில் பால் தரும் என்று காட்டினாராம். அந்தப் பேச்சு எனக்கு எதற்காக வந்தது என்று மறுநாள்தான் தெரிந்தது.

சுங்கை சிப்புட் என்றதும் உனக்கு என்ன நினைவு வரும் என்று தெரியும். மந்திரியாக இருந்த துன் சம்பந்தன், அவர் 1954-இல் எழுப்பிய மகாத்மா காந்தி கலாசாலை, தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற துண்டாடலில் நம் ஆட்கள் தெருவுக்கு வந்தபோது அவர்களிடமே சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்க 1960-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம். நீ ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கும்போது உன் குரல் உடைந்துவிடும். ஆனால் எனக்கு இந்த ஊர் என்றால் 16 வருஷத்துக்கு முந்தைய தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டுக் கூட்டம் ஒன்றுதான் நினைவுக்கு வரும். நீ தபேலா வாசித்த கூட்டம்.

அன்றைக்குக் கூட்டம் தொடங்குமுன் ஒருவர் என் காதோரம், "முன்னால உக்காந்திருக்கிற அண்ணன் சம்சுக்காரர், கொஞ்சம் அழுத்தமாச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். பேர் சொல்லவில்லை, ஆனால் கண்ணை அவர் மேலிருந்து எடுக்கவில்லை. பிள்ளையின் பள்ளிச் சப்பாத்துக் காசைக் குடித்தவன் கதையைச் சொன்னேன். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பாதியில் எழுந்து போனார். வசனம் உறைத்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இந்த முறை நான் தங்கியிருப்பது அவர் வீட்டில். எனக்குத் தெரியாது. சபையில் ஏற்பாடு செய்தவர்களுக்கும் பழைய கதை தெரியாது. அந்தத் தோட்டமே இப்போது இல்லை. லயம் இருந்த இடம் செம்பனை. இவர்கள் டவுன் பக்கம் மலிவு விலை வீட்டில் இருக்கிறார்கள். முதல் நாள் ராத்திரி, சாப்பாடு போட்டுக்கொண்டே அக்கா சொன்னார்: "பாஸ்டர், நீங்க அன்னைக்கு வந்தப்ப அவரு குடிய விட்டு நாலு மாசம். இன்னைக்கு வரைக்கும் தொடல. கோயிலுக்கும் வரல." குறையாகச் சொல்லவில்லை, ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணன் அப்போது தூங்கப் போயிருந்தார், விடியுமுன் எழ வேண்டுமே. 71 வயதில் இன்னும் பால் வெட்டுகிறார். சீனர் ஒருவருடைய மூன்று ஏக்கர், வருவதில் பாதிக்குப் பாதி.

மறுநாள் சனிக்கிழமை நானும் அவரோடு கிளம்பினேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து போனேன். ஆறு மணி, இன்னும் இருட்டு. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு முதல் மரத்துக்கு முன்னால் நின்றார். முந்தின வெட்டில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை ஒரே இழுப்பில் உரித்துப் பைக்குள் போட்டார். பிறகு உளி. இடப்பக்கம் மேலே வைத்து, வலப்பக்கம் கீழாக ஒரு இழுவை. கையால் இழுத்த மாதிரியே தெரியவில்லை. இடுப்பு, தோள், கால் எல்லாம் மரத்தைச் சுற்றி நகர்ந்தது. காகிதம்போல ஒரு சீவல் சுருண்டு விழுந்தது. அதற்குப் பின்னால் வெள்ளையாகப் புள்ளி புள்ளியாகப் பூத்து, புள்ளிகள் சேர்ந்து கோடாகி, தகட்டுப் பீலி வழியாக மங்குக் கிண்ணத்தில் சொட்டத் தொடங்கியது.

எவ்வளவு ஆழம் என்று கேட்டேன். அதுவரை பேசாதவர் அப்போதுதான் பேசினார். "மேலாப்புல சீவினா பால் வராது. பால் நெறைய இருக்கிறது உள்பட்டையிலதான், மரத்த ஒட்டி. அது வரைக்கும் போவணும். ஆனா மரத்தத் தொடக் கூடாது. நடுவுல நகம் கனத்துக்கு வுட்டுரணும்." தொட்டால் என்ன ஆகும் என்றேன். நாலு மரம் தள்ளி அழைத்துப்போய் விளக்கைத் திருப்பினார். இடுப்பு உயரத்தில் பட்டை முழுக்கக் கட்டி கட்டியாக, மூட்டு வீங்கியதுபோல. "காயம். யாரோ புதுசா வெட்டப் பழகினவன். பட்டை திரும்ப வந்துருச்சு பாருங்க, வராம இல்ல. ஆனா இதுல இனிமே உளி ஓடாது."

அவர் என்னைக் குத்திச் சொல்லவில்லை, வாத்தியார். மரத்தைப் பற்றித்தான் சொன்னார். நான் அந்தக் கட்டிகளில் கை வைத்தபடியே அன்றைக்கு நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் அடுத்த மரத்துக்குப் போய்விட்டார். வெட்டி முடித்து, மங்கைச் சரிசெய்து, பிறகு சொன்னார்: "நீங்க சொன்னது பொய் இல்ல பாஸ்டர். சப்பாத்துக் காச குடிச்சேன்தான். ஆனா என் மவன் அன்னைக்கு எம் பக்கத்துல உக்காந்திருந்தான்."

அந்தப் பையனை நான் பார்க்கவே இல்லை. உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எவ்வளவு யோசித்தும் எனக்கு அவன் முகம் வரவில்லை. இப்போது சிங்கப்பூரில் வேலையாம். போன் பண்ணுவானாம், அம்மாவிடம்தான் அதிகம் பேசுவானாம்.

ஞாயிறு செய்திக்கு நான் தயார் செய்திருந்த குறிப்பில் இரண்டு பக்கம் கண்டிப்பு. அதைப் பையிலேயே வைத்துவிட்டேன். வனாந்தரத்தில் சாகவேண்டும் என்று படுத்த எலியாவிடம் தூதன் முதலில் அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினானே, அதைப் பேசினேன். கண்டிப்பே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மேலாகச் சீவிவிட்டுப் போகிற பிரசங்கமும் எனக்கு ஆகாது, அது உனக்கே தெரியும். ஆனால் அந்த நகக் கனத்தை விட்டுவைக்க, எதிரே இருப்பவரோடு யார் உட்கார்ந்திருக்கிறார் என்றாவது பார்த்திருக்க வேண்டும். அதை நான் பார்க்கவில்லை.

அண்ணன் எப்போதும் அக்காவை வாசலில் இறக்கிவிட்டுக் கடைக்குப் போய்விடுவாராம். நேற்று மோட்டாரை அணைத்துவிட்டு வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாக அவர் தொப்பி தெரிந்தது. உள்ளே வாங்க என்று கூப்பிட நாக்கு வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

இனி உன் பாக்கி. அன்று ராத்திரி பஸ்ஸில் நீ, "கொஞ்சம் கூடிப்போச்சுடா" என்றாய். எனக்குக் கோபம். ஊர் வரும்வரை உன்னோடு பேசவில்லை, அதன் பிறகும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நீயும் எடுக்கவில்லை. நீ சொன்னது சரி. என்னை மன்னித்துவிடு.

அண்ணன் உன்னை விசாரித்தார். "தபேலா வாசிச்ச தம்பி சுகமா?" என்றார். டிசம்பர் இரண்டாம் வாரம் மறுபடி இங்கே வர ஒப்புக்கொண்டிருக்கிறேன். டாக்டர் பயணம் போகலாம் என்று சொன்னால் நீயும் வா. ஈப்போ ஸ்டேஷனில் காத்திருக்கிறேன், அங்கிருந்து அரை மணி நேரம்தான். தபேலாவை மறக்காதே. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்